மலைக்கு ஆகாத வண்டி

ஓஷ் நகரத்தில் மோட்டார் சைக்கிள் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எர்கேஷிடம் போய் நிற்பார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே பிடிக்காது என்பது அநேகருக்குத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயது, இடுப்பில் ஒரு பழைய வலி, மலை என்று சொன்னால் முகத்தில் ஒரு சுளிப்பு. கழற்றிப் பெஞ்சின்மேல் பரப்பிப் போட்டிருக்கும்போதுதான் அவருக்கு எந்த வண்டியும் அழகாகத் தெரியும். நம் மேய்ப்பர்கள் எந்த இடத்திலிருந்து பனி விழுமுன் தப்பித்தால் போதும் என்று இறங்கி வருகிறார்களோ, அந்த இடத்துக்குக் காசு கொடுத்து ஏறிப் போகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி அவர் ஒரு கருத்து வைத்திருந்தார். மொழி தெரியாததால் அதை அவர்களிடம் சொன்னதில்லை. அவர்களோ ஊர் திரும்பியதும், எர்கேஷ் மலையின் மௌன ஞானி என்று இணையத்தில் எழுதினார்கள்.

கம்பெனி சமத்தினுடையது. சமத் எர்கேஷின் தங்கை அனாராவின் புருஷன். சிக்கல் இங்கேதான். மனைவியின் அண்ணன் வந்தால் மாப்பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். கதவுக்கு எதிரே இருக்கும் மேலிடம் அவருக்கு, முதல் கிண்ணம் தேநீரும் அவருக்கு. முதலாளி வந்தால் மெக்கானிக் எழுந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்துகொண்டே இருந்ததில், அந்தப் பட்டறையில் யாரும் சரியாக உட்கார்ந்ததில்லை.

வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட மொத்தம் பதினோரு வண்டிகள். எல்லாம் ஒரே வம்சம். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த, கால் உயர்ந்து வயிறு பெருத்த வண்டிகள். ஆறு முதல் மாடல், ஐந்து இரண்டாவது மாடல். முதலாவதைப் பட்டறையில் கோவேறு கழுதை என்பார்கள், இரண்டாவதை ஒட்டகம் என்பார்கள். கோவேறுக்குக் கார்புரேட்டர். ஓஷ் கடைத்தெருவில் நன்றாக ஓடிவிட்டுத் தால்திக் கணவாய்க்கு ஏறும்போது காற்று மெலிந்து மூச்சுத் திணறும். பெட்ரோல் அளவைக் குறைக்க நடுவழியில் அதன் ஜெட்டை மாற்ற வேண்டும். எந்த வளைவில் நிறுத்துவது, எந்த ஜெட்டைப் போடுவது என்பதெல்லாம் எர்கேஷின் விரல்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஒட்டகத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் கலப்படப் பெட்ரோல் ஒரு மடக்கு உள்ளே போனாலும் அதன் பம்ப் படுத்துவிடும்; கலப்படமில்லாத பெட்ரோல் அலாய் பள்ளத்தாக்கில் எந்த பங்க்கில் கிடைக்கும் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகையால் எர்கேஷ் இல்லாமல் ஒரு குழுவும் கிளம்பாது. ஓட்டப் பிடிக்காத மனிதர் வருஷத்தில் நாலு மாதம் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு காரியமும் அவர் பொறுப்பில் இருந்தது. கம்பெனி தொடங்கிய இரண்டாம் வருஷம் ஒரு பெல்ஜியக்காரர் வளைவில் திரும்ப மறந்து நேரே போய், கீழே ஒரு புதரில் தொங்கி, தோள்பட்டை எலும்பை மட்டும் கொடுத்துவிட்டு உயிரோடு வந்தார். அன்றிலிருந்து எர்கேஷின் மனைவி பூரூல் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாயத்துத் தைத்துத் தருகிறாள். முக்கோணத் தோல், உள்ளே ஓதிய காகிதமும் ஒரு சிட்டிகை உப்பும். எர்கேஷ் அதை முன்சக்கரத்தின் இடது ஃபோர்க்கில், கிட்டத்தட்ட சக்கர மையத்துக்கு அருகில், பிரேக் ஹோஸோடு சேர்த்துச் சிவப்பு நூல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். அவ்வளவு கீழே கட்டச் சொன்னவன் சமத். அவன் தலைநகர் பிஷ்கெக்கில் பொருளாதாரம் படித்தவன். வெளிநாட்டுக்காரர் கண்ணில் தாயத்துப் பட்டால் கம்பெனியின் மானம் போய்விடும் என்பான். ஒவ்வொரு மே மாதமும் முதல் குழு கிளம்புமுன் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் குனிந்து, பதினோரு ஃபோர்க்குகளையும் தடவிப் பார்ப்பவனும் அவன்தான்.

போன மே மாதம் பிஷ்கெக்கிலிருந்து லாரியில் மூன்றாவது மாடல் வந்து இறங்கியது. பரீட்சைக்காக ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் வைக்க யாரும் யோசிக்கவேயில்லை: மருமகள். மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தவர்கள், புதுப்பெண் முகம் பார்த்தால் கொடுப்பது போலவே இருக்கையின்மேல் ஆளுக்கொரு நோட்டு வைத்தார்கள். ஆடு அறுத்து, ரத்தத்தை ஒரு விரலால் தொட்டு முன் டயரில் வைத்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எர்கேஷ் தாயத்தைக் கட்டினார். அதே ஃபோர்க், அதே இடம். இந்த வண்டியில் மட்டும் ஹோஸுக்குப் பக்கத்தில் சேமியா கனத்தில் ஒரு கறுப்பு ஒயரும் ஓடியது. எதற்கோ இருந்துவிட்டுப் போகிறது என்று அதையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டார்.

அன்று சாயங்காலம் அனாரா போன் செய்தாள். புருஷனின் ரகசியத்தையும் அண்ணனின் பாசத்தையும் ஒன்றாக வைத்திருக்க முடியாமல் தவித்த குரல்.

"இந்த வண்டி தேறிட்டா எட்டு வாங்கப் போறாருண்ணே. பழசு பூரா வித்துடுவாரு. ரிப்பேருக்கு வண்டி செஞ்ச கம்பெனிக்காரனே பிஷ்கெக்லேருந்து லேப்டாப்போட வருவானாம். பட்டறைய காபிக் கடைக்கு வாடகைக்குக் கேக்குறாங்க."

தன் கதி என்னவென்று எர்கேஷ் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: அண்ணனுக்கு மரியாதையாக ஓர் இடம் வைத்திருக்கிறாராம். மரியாதையான இடம் எது என்று அவருக்குத் தெரியும். கதவுக்கு எதிரே, நான்கு மெத்தைகளின்மேல், கையில் ஸ்பானர் இல்லாமல்.

ஜூன் முதல் வாரத்தில் பரீட்சை. மூன்று மாடல்களும் ஒரே பாதையில், ஒரே நாளில். ஓஷிலிருந்து தால்திக் ஏறி இறங்கி, சாரி-தாஷ், சாரி-மோகோல். அங்கிருந்து கல்பாதையில் துல்பார் ஏரி. வழியில் வண்டிகளை மாற்றிக்கொள்வது, கடைசியில் எர்கேஷ் தீர்ப்புச் சொல்வது என்று ஏற்பாடு. எர்கேஷும் சமத்தும் போக, மூன்றாவது ஆளாக வந்தவன் கம்பெனியின் வழிகாட்டி ஒடில். உஸ்பெக், வாய் அடங்காதவன். கோவேறு அவன் தலையில் விழுந்தது.

மருமகளின்மேல் எர்கேஷ் ஏறி உட்கார்ந்தது மாமியாரின் மனநிலையில்தான். குற்றம் இருக்கிறதா என்று அல்ல, எங்கே இருக்கிறது என்றே தேடினார். ஹாண்டில் அகலம் கூடுதலோ? இல்லை. கோவேறைவிட முப்பது கிலோ குறைவு. நிறுத்தித் தள்ளும்போதே தெரிந்தது. ஒட்டகம் வளைவில் சாய்வதற்குமுன் ஒரு கணம் யோசிக்கும். இது யோசிக்காமலே சாய்ந்தது. குல்ச்சா தாண்டி ஏற்றம் தொடங்கியபோது, இனிமேல் பார்க்கலாம் என்று காத்திருந்தார். பின்னால் கோவேறு இருமத் தொடங்கியது. ஒடில் இரண்டு இடத்தில் நிறுத்தினான். எர்கேஷ் இறங்கிப்போய் ஜெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த இரண்டு நிறுத்தங்களில்தான் அவர் அன்று தானாக இருந்தார். மருமகளோ மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்திலும் ஓஷ் கடைத்தெருவில் எப்படி மூச்சுவிட்டதோ அப்படியே விட்டது. அவருடைய பன்னிரண்டு வருஷ வித்தையைத் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி ஒன்று, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொண்டிருந்தது. கணவாயின் உச்சியில் இறங்கியபோது இடுப்பு வலிக்கவில்லை. எல்லாவற்றிலும் அதுதான் அவரைப் புண்படுத்தியது.

மருமகள் எப்படி என்று ஒடில் கேட்டான்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் எர்கேஷ்.

சாரி-மோகோலில் சாப்பிட்டுவிட்டு வண்டி மாற்றினார்கள். சமத்துக்கு மருமகள், எர்கேஷுக்கு ஒட்டகம். அங்கிருந்து தார் கிடையாது. அலையலையாக உறைந்துபோன மண்ணும், அதன்மேல் கல்லுமாகப் பாதை. முன்சக்கரம் ஏறி ஏறி இறங்கிய அரைமணி நேரத்தில் மருமகளின் திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் எரிந்தது. சமத் நிறுத்தி, சாவியைத் திருகி, மறுபடி கிளப்பினான், போய்விட்டது. நூறு மீட்டரில் திரும்பி வந்தது. அவன் அதைப் பார்க்காதவன்போல ஓட்டினான். பனி உருகி வரும் ஓடை ஒன்றில் இறங்கி எதிர்க்கரையை எட்டப் போகும்போது, யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி நின்றது, கொஞ்சம் யோசித்தது, சாய்ந்தது. முழங்கால் தண்ணீரில் சமத் முழு மனிதனாக உட்கார்ந்தான்.

அவனுக்குப் பக்கத்தில் ஒட்டகம் கடந்தது. அதன்பின் கோவேறு, புகையைக் கக்கிக்கொண்டு, ஒரு பல் போன கிழவியின் பிடிவாதத்தோடு கரையேறியது.

"அண்ணே," என்றான் ஒடில், "வந்த மாசமே மருமக மாமனாரத் தண்ணியில தள்ளிட்டா."

மருமகளைத் திரும்பத் திரும்பக் கிளப்பி ஏரிக்கரைக் கூடார முகாமுக்கு வந்து சேர்ந்ததும் சமத் சாண அடுப்பின் பக்கத்தில் காலுறைகளைக் காயப்போட்டுவிட்டு, சிக்னல் கிடைத்த ஒரே மூலையில் நின்று பிஷ்கெக்கோடு பேசினான். அங்கே வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேறு கை பட்டால் உத்தரவாதம் செல்லாது என்றும் சொன்னார்கள். சமத் போனைக் கையால் மூடிக்கொண்டு, என்ன உத்தரவாதமோ, நீங்கள் ஒரு பார்வை பாருங்கள் மச்சான் என்று எர்கேஷை வெளியே அனுப்பினான்.

எர்கேஷ் ஏரித் தண்ணீரை வாளியில் மொண்டு முன்சக்கரத்துச் சேற்றைக் கழுவினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிவப்புக் கயிறு நனைந்து சுருங்கி, கறுப்பு ஒயருக்குள் கடித்து இறங்கியிருந்தது. ஃபோர்க் இறங்கி ஏறும்போதெல்லாம் அது ஒயரை இழுக்கும். இழுத்து இழுத்து ஒயர் நுனியின் பிளக் பாதி வெளியே வந்திருந்தது. முன்சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிற ஒயர் அது. அது ஊமையானதும், முன்சக்கரம் நிற்கிறது பின்சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுகிறது என்று நினைத்து, ஓட்டுபவன் உயிரைக் காப்பாற்ற வண்டி தன் பலத்தைக் குறைத்திருக்கிறது. தாயத்துச் செய்ய வேண்டிய வேலையை அதுவும் செய்யப் பார்த்ததில், இரண்டு காவல்களும் ஒன்றையொன்று மாட்டிவிட்டன. பழைய மாடல்களில் அந்த இடத்தில் விரல் மொத்தத்தில் ரப்பர் ஹோஸ் மட்டும்தான். பத்து வருஷம் எவ்வளவு இறுக்கினாலும் அதற்கு உறைக்கவில்லை.

பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்தினார். சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். முக்கோணம் அணைந்தது. இழுத்தார், உருட்டினார். எரிந்தது.

கத்தி பெல்ட்டிலேயே இருந்தது. கயிற்றை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய், நான்தான் மாப்பிள்ளை, என் முடிச்சுத்தான் என்று சொன்னால் சமத் கோபித்துக்கொள்ள மாட்டான். அடுப்பு அதிரச் சிரிப்பான். ஒடில் இதை ஓஷ் முழுக்கச் சொல்லித் திரிவான். பிறகு சமத் எட்டு வண்டிகளுக்கு ஆர்டர் போடுவான். தப்புக்குத் தண்டனையே கிடையாது. உண்மையைச் சொல்வதற்குத்தான் பட்டறையைக் கொடுக்க வேண்டும்.

பிளக் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்கு இழுத்து வைத்துவிட்டு எழுந்தார். தான் எதையும் கெடுக்கவில்லை, கண்டபடியே விட்டுவந்தோம் என்பதை ஒருவகை நேர்மையாக அவர் அதன்பின் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மேலிடம் காலியாக இருந்தது. சமத் வெறுங்காலோடு எழுந்து நின்றான். முதல் கிண்ணம் எர்கேஷுக்கு வந்தது.

"போன்ல அவன் ஆயிரம் சொல்லுவான் மச்சான். எனக்கு அது வேணாம். மூணும் உங்களுக்குத் தெரியும். உங்க வாயில வர்றதுதான் முடிவு."

எர்கேஷ் தேநீரை ஆற்றிக் குடித்தார்.

"மலைக்கு ஆகாது" என்றார்.

தான் அப்போதே நினைத்ததாக ஒடில் சொன்னான். சமத் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை; எர்கேஷ் சொன்னதற்கு மேல் ஓஷில் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஜூலையில் மருமகளைத் திருப்பி அனுப்ப லாரி வந்தது. விற்ற பொருளோடும் திருப்பிய பொருளோடும் தாயத்துப் போகக்கூடாது, அந்நிய முற்றத்தில் அது கிடக்கக்கூடாது என்று பூரூல் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். எர்கேஷ் குனிந்து கயிற்றை அறுத்தார். பாதி வெளியே தொங்கிய பிளக் கண்ணில் பட்டது. முப்பது வருஷம் கழன்றதை மாட்டியே பழகிய கை. அவரைக் கேட்காமல் அதை உள்ளே அழுத்திவிட்டது. மெல்லிய ஒரு சொடுக்குச் சத்தம். லாரிக்காரன் வண்டியை ஏற்றிக்கொண்டு போனான்.

பத்து நாளில் பிஷ்கெக்கிலிருந்து கடிதம் வந்தது. இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம், எந்தக் குறையும் இல்லை, உங்கள் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி அளிக்க எங்களிடம் ஆள் உண்டு. சமத் அதை நின்றபடி ஒரு தரமும் உட்கார்ந்து ஒரு தரமும் படித்தான். பிறகு ஒரு மாதம் வண்டிகளைப் பற்றிப் பேசவில்லை. எர்கேஷ் அந்த மாதத்தில் ஐந்து கோவேறுகளின் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டு மாட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் அவர் சீட்டியடித்ததாக ஒடில் சத்தியம் செய்கிறான்.

ஆகஸ்ட் கடைசியில் சமத் வீட்டில் புலாவ் விருந்து. ஆட்டின் நல்ல பாகம் எர்கேஷின் தட்டுக்கு வந்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சமத் எழுந்து நின்றான். தன் கண்ணைத் திறந்தது மச்சானின் ஒரு வார்த்தை என்றான். வண்டி செய்கிற கம்பெனி இருபது வருஷம் ஆராய்ச்சி செய்து கொண்டுவந்ததே மலைக்கு ஆகாது என்றால் இனி வரப்போகிற எதுவும் ஆகாது. பழையவற்றுக்கோ உதிரி பாகம் அடுத்த வருஷத்தோடு நிற்கிறது.

"அதனால பைக்கே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். நாலு ஜீப்புக்குச் சொல்லியாச்சு. வர்றவன் ஜன்னல் வழியா மலையப் பாத்துட்டுப் போகட்டும்."

காபிக் கடைக்காரர்கள் அக்டோபரில் பட்டறைக்கு வருகிறார்கள் என்பதையும் அவன் அதோடு சொன்னான். எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள். எர்கேஷைப் பார்த்துச் சொன்னார்கள்.

மறுநாள் காலை எர்கேஷ் பட்டறை முற்றத்தில் சமத்தைத் தனியாகப் பிடித்தார். கயிறு, ஒயர், பிளக், எல்லாவற்றையும் சொன்னார். வேலைக்காக அல்லாமல் அவ்வளவு நீளமாக அவர் பேசியது அதுவே முதல் தடவை. சமத் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"உங்க மனசு எனக்குத் தெரியும் மச்சான். வண்டிங்கள விட முடியல. அதுக்காகப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்குறீங்க."

"இல்ல மாப்ள. அன்னிக்கே பாத்தேன். ஏரிக்கரையிலயே. பாத்துட்டுத்தான் சொல்லல."

சமத்தின் கை தளர்ந்தது. ஒரு கணம் அவன் மெக்கானிக்கைப் பார்க்கும் முதலாளியாக இருந்தான். எர்கேஷ் அதற்காகத்தான் காத்திருந்தார். அந்தக் கணம் நிற்கவில்லை.

"அப்படிப் பேசக்கூடாது" என்றான், பிஷ்கெக்கில் பொருளாதாரம் படித்தவன். "பூரூல் அக்கா கையால தச்சது. பத்து வருஷமா ஒரு உசிர் போகல நம்மகிட்ட. அதுவா வண்டியக் கெடுக்கும்? பாவம் மச்சான், வாயக் கழுவிக்குங்க."

நிஜமாகவே நம்பவில்லையா, நம்பினால் மனைவியின் அண்ணன் வரும்போதெல்லாம் இனி எப்படி எழுந்து நிற்பது என்று கணக்குப் போட்டுப் பார்த்தானா, சொல்ல முடியாது. மரியாதை சில சமயம் காதை நன்றாக அடைத்துவிடும். எர்கேஷ் வீட்டுக்குப் போனார். பூரூல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஏரியிலிருந்து திரும்பிய அன்றே அவர் முகத்தில் படித்துவிட்டாள்.

சொல்லிவிட்டதாகச் சொன்னார். நம்பவில்லை என்றும் சொன்னார்.

"பன்னெண்டு வருஷத்துல நீங்க சம்பாதிச்சது அந்த நல்ல பேரு ஒண்ணுதான்" என்றாள் மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "செலவாக மாட்டேங்குது, பாருங்க."

செப்டம்பரில் பதினோரு வண்டிகளும் விலைக்கு வந்தன. வருபவர்களுக்கு ஓட்டிக் காட்டுவது, குணம் சொல்வது எல்லாம் எர்கேஷ்தான். அவர் சொன்னால் பேரம் பாதியாகக் குறையும் என்று சமத் அறிந்திருந்தான். கோவேறுகள் மேய்ப்பர்களுக்குப் போயின. ஜெட் மாற்றும் வளைவுகளை ஒவ்வொருவருக்கும் ஒரு சிகரெட் அட்டையில் வரைந்து கொடுத்தார். இரண்டு பேர் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக நின்றது ஒரு ஒட்டகம். அதைப் பார்க்கச் சோங்-அலாயிலிருந்து ஒரு குதிரை வியாபாரி வந்தார். டயரை உதைத்தார், குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல எஞ்சினின் இடுக்குகளைப் பார்த்தார், ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார். எர்கேஷ் வண்டியின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றுகூடப் பொய் இல்லை.

வியாபாரி கண்ணை இடுக்கினார். "இவ்வளவு நல்ல வண்டின்னா ஏன் விக்கிறீங்க?"

"இதவிட நல்லது ஒண்ணு வந்திருக்கு."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"திருப்பி அனுப்பிட்டோம்" என்றார் எர்கேஷ்.

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். இப்படி வாய் உள்ள ஆள் ஏமாற்ற மாட்டார் என்று சொல்லி, அதற்குமேல் பேரம் பேசாமல் சாவிக்குக் கையை நீட்டினார்.